பெரிஸ்டால்சிஸ், செக்மென்டேஷன்: இரண்டுக்கும் 'குடலசைவு'தானா?

அன்புடையீர்,
உடலியங்கியல் நூலின் செரிமான இயல் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. பழைய பதிப்பில் இரண்டுக்கும் 'குடலசைவு' என்றே இருப்பதால், 'குடலசைவு குறைந்தாலும் குடலசைவு தொடரலாம்' என்று ஒரு வரி விழுந்திருக்கிறது!

முதலாவதில் கவளத்துக்குப் பின்னால் வட்டத்தசை சுருங்கும், முன்னால் தளரும். சுருக்கம் அப்படியே கீழே ஓடும். சுமார் 25 செ.மீ. உணவுக்குழலைப் பத்து நொடிக்குள் கடந்துவிடும். இரண்டாவதில் சிறுகுடல் ஆங்காங்கே வளையமாக இறுகும். அடுத்தமுறை அந்த வளையங்களுக்கு நடுவே இறுகும். இரைப்பைப்பாகு (இரைப்பையில் அரைபட்டு வரும் உணவுக்கூழ்) முன்னும் பின்னும் புரண்டு செரிநீரோடு கலக்கும். 'சுற்றிழுப்பசைவு', 'துண்டாடல்' போடலாமா?
க.

> சுற்றிழுப்பசைவு

இழுப்பு எங்கே வந்தது ஐயா? நடப்பது தள்ளல். நோயாளிக்கு 'இழுப்பு' என்றால் மூச்சுத்திணறலும் வலிப்பும்தான். உந்து + அலை = உந்தலை. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.
சு.

> உந்தலை

வகுப்பில் சொல்லிப் பாருங்கள். 'எந்தலையா சார்?' என்பான் கடைசி பெஞ்சு. 'தள்ளலை' என்று மாற்றினால் அது மலச்சிக்கல்.

பள்ளி நூல்களின் 'அலை இயக்கம்' போதாதா?
ந.

இயற்பியலார் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். 'உந்தியலை' எனலாம். உந்தி கொப்பூழ், ஆறு என்றும் பொருளுண்டு. வயிற்றில் ஓடும் அலை! செரித்தலுக்கே வள்ளுவர் 'அற்றது' என்கிறார் (942). இலங்கை வழக்கின் சமிபாட்டையும் சேர்த்துப் பார்த்தால், செமி, செரி இரண்டும் ஒரே வேர் என்றே…
சு.

வேரை விடுங்கள் ஐயா, வெள்ளி வருகிறது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் இறங்குவதும் இதே அலையால்தான். அங்கே உந்தி ஒட்டாது.

'தள்ளல் / கலக்கல்' என்று பிரித்தாலும் இடறும். வளையங்கள் முன்சிறுகுடலில் நிமிடத்துக்குச் சுமார் 12 முறை இறுகும், கடைப்பகுதியில் 8 அல்லது 9. மேலே வேகம் கூடுதல் என்பதால் பாகு மெல்லக் கீழே நகரவே செய்யும். 'பிசைவு' வேண்டாம், இரைப்பையும் பிசைகிறது. 'துண்டாடல்' வேண்டவே வேண்டாம். குடலை வெட்டியதாகப் படிப்பார்கள்.

முதலாவதற்கு அலையுந்தல். வாந்திக்கு முன் சிறுகுடலிலிருந்து இரைப்பை நோக்கி ஏறும் சுருக்கத்துக்கு 'எதிர் அலையுந்தல்' என முன்னொட்டுப் போட முடிகிறது. இரண்டாவதற்கு வளைய நெரிப்பு.
ம.

அப்படியே 'உறிஞ்சுதலை'யும் மாற்றுங்கள். குடல் எதையும் வாய்வைத்து உறிஞ்சவில்லை. குளுக்கோஸ் சோடியத்தோடு கடத்திப் புரதம் வழியே செல்லுக்குள் போய், கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் வாயிற்சிரைக்குச் சேர்கிறது. கொழுப்பின் பெரும்பகுதி நிணநீர்க் குழலில் போகிறது. குடலின் உட்சுவரிலுள்ள விரல்போன்ற நீட்சிகளுக்குச் சடைமுளை என்றாலே உருவம் புரியும்போது 'குடலுறிஞ்சி' எதற்கு?
ந.

அது தனி இழை, அம்மா. அலையுந்தலுக்கு மூவர் சரி என்றுவிட்டார்கள். நூலின் சொல்லடைவில் பெரிஸ்டால்சிஸ், செக்மென்டேஷன் என்பவையும் இருக்கும். வளைய நெரிப்பைத் தற்காலிகமாக இடுகிறேன்.
க.

நெரிப்பு என்றால் கழுத்துதான் நினைவுக்கு வருகிறது. 'வளைய இறுக்கம்' என்பதே என் வாக்கு. உந்தியலையையும் நான் கைவிடவில்லை.
சு.