தொப்பூர் இறக்கத்தில் பழைய லாரி: கியரா, நியூட்ரலா?

கலாசிபாளையம்_லோடு
போன வாரம் இங்கே ஒருத்தர், "அந்தக் காலத்து டிரைவர்கள் டாடா 1210, லேலண்ட் காமெட் மாதிரிப் பழைய லாரி எல்லாவற்றையும் இறக்கத்தில் நியூட்ரலில் (எஞ்சினும் சக்கரமும் சேராதபடி கியரைக் கழற்றிவிட்டு) உருட்டிப் பழக்கம் பண்ணினார்கள், இன்றைக்குத் தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் மலை இறக்கத்தில் லாரி கவிழ அதுதான் மூலம்" என்று எழுதியிருந்தார். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர், சேலம் 280. பெங்களூர் கலாசிபாளையத்தில் லோடு ஏற்றி அத்திப்பள்ளி செக்போஸ்ட், ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று போகிற வண்டிக்கு 640 மீட்டர் இறக்கம் சும்மா கிடைக்கிறது. லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தாலே நல்ல வண்டி. அந்த இறக்கத்தை உருட்டாமல் விட்டால் முதலாளி கணக்குக் கேட்பார். பிரேக் சரியாக இருந்து, வேகம் கையில் இருந்தால் உருட்டுவதில் தப்பில்லை என்பது என் கட்சி.

ஆடுகோடி_பம்ப்
அண்ணே, டீசல் மிச்சம் என்பதை முதலில் பார்ப்போம். அந்த வண்டிகளில் இருந்தது மைக்கோ இன்லைன் டீசல் பம்ப். காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு கியரில் இறங்கும்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. ஐடில் சுற்றுக்கு (ஆக்சிலேட்டர் மிதிக்காதபோது எஞ்சின் ஓடுகிற குறைந்த சுற்று) மேலே போனதும், சுற்றைப் பார்த்து டீசலைக் கட்டுப்படுத்துகிற கவர்னர், பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ராக் என்ற தண்டை முழுக்கப் பின்னால் இழுத்துவிடும். எஞ்சினுக்குள் டீசல் தெளிக்கிற நாசிலில் ஒரு சொட்டு விழாது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் ஐடிலில் ஓடியாக வேண்டும், அதற்கு டீசல் வேண்டும். மணிக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் என்று வையுங்கள். 8 கிலோமீட்டர் இறக்கத்தை 30 வேகத்தில் கால் மணி நேரத்தில் இறங்கினால் கால் லிட்டருக்கு மேல் நியூட்ரலில்தான் செலவு. கியரில் சுழி.

கலாசிபாளையம்_லோடு
தம்பி, பம்ப் கணக்கு ஒத்துக்கிறேன். ஆனால் நீ சொல்வது பிரேக் மிதிக்க வேண்டிய அளவுக்குச் செங்குத்தான இறக்கத்துக்கு. சூளகிரி தாண்டி வருகிற மாதிரி மிதமான சரிவில் கியரில் விட்டால் எஞ்சின் இழுத்து வண்டி மந்தமாகிவிடும், திரும்ப ஆக்சிலேட்டர் கொடுக்கணும். நியூட்ரலில் அதே சரிவு ரெண்டு கிலோமீட்டர் கூடுதலாகத் தள்ளும். அடுத்த மேட்டில் பாதி வரைக்கும் அந்த வேகமே ஏற்றிவிடும். மிச்சம் அங்கேதான் வருகிறது.

இன்னொன்று. பழைய கிராஷ் கியர்பாக்ஸில் (சுற்றைத் தானாக ஒத்துவைக்கிற அமைப்பு இல்லாதது) கியரைக் கோத்துப் பிடிக்கிற டாக் பல் தேய்ந்திருந்தால் இறக்கத்தில் மூணாவது கியர் தானாகக் கழன்று விழும். லீவரைக் கையால் பிடித்துக்கொண்டே ஓட்டணும். வளைவில் திடீரென்று கியர் கழன்று விழுவதைவிட, தெரிந்தே நியூட்ரலில் போவது மேல் இல்லையா?

அல்சூர்_கியர்பாக்ஸ்
இல்லை அண்ணே. இதைத்தான் விடக்கூடாது.

கியர் கழல்வதற்குக் காரணம் மூன்று: டாக் பல் சாய்வாகத் தேய்ந்திருக்கும், கியரைத் தள்ளுகிற செலக்டர் ஃபோர்க் தேய்ந்து அதை முழு ஆழத்துக்குத் தள்ளாது, அல்லது ஃபோர்க்கின் ராடை நகராமல் பிடித்து வைக்கிற பந்தை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஸ்பிரிங் மாற்ற மேல் மூடியைக் கழற்றினால் போதும். அதைச் செய்யாமல் நியூட்ரலை நியாயப்படுத்த முடியாது.

நியூட்ரலில் வேகம் ஏறிவிட்டால் திரும்ப கியர் போட முடியாது, ஆபத்து அங்கேதான். கணக்கு பாருங்கள். டாப் கியரில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்கு 1,700 சுற்று என்று வைப்போம். மூன்றாவது கியரின் விகிதம் டாப்பைவிட இரண்டரை மடங்கு என்றால், பல்லும் பல்லும் ஒத்துச் சேர எஞ்சின் 4,250 சுற்றுக்கு வரவேண்டும். அந்தக் காலத்து ஆறு சிலிண்டர் டீசலை முழுக்க மிதித்தாலும் 3,000-க்குள்ளேயே கவர்னர் வெட்டிவிடும். டபுள் கிளட்ச் (கிளட்சை இரண்டு தடவை மிதித்து கியர் மாற்றுவது) எவ்வளவு சுத்தமாக அடித்தாலும் உறுமல் மட்டும்தான் வரும், கியர் விழாது. அதற்கப்புறம் பிரேக் ஒன்றே கதி.

கிராஷ் பாக்ஸில் கீழ் கியருக்கு வருவது இப்படி: கிளட்ச் மிதி, லீவரை நியூட்ரலுக்கு இழு, கிளட்சை விடு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி சுற்றை ஏற்று, மறுபடி கிளட்ச், கியர் போடு. எல்லாம் ஒன்றரை நொடிக்குள். இதைச் செய்யவேண்டிய இடம் இறக்கம் தொடங்கும் முன்னால் இருக்கிற சமதரை. "ஏறுகிற கியரிலேயே இறங்கு" என்று சொல்வார்களே, அது இந்தக் கணக்கிலிருந்து வந்த சொல்தான்.

கியரில் இறங்கும்போதும் ஒரு எச்சரிக்கை. சக்கரம் எஞ்சினைச் சுற்றும்போது கவர்னரால் டீசலை நிறுத்த முடியுமே தவிர, சுற்றை நிறுத்த முடியாது. சுற்று எல்லை தாண்டினால் வால்வு நேரத்துக்கு மூடாமல் மிதந்து பிஸ்டனில் அடிக்கும், வால்வைத் தள்ளுகிற புஷ் ராட் வளையும். எஞ்சின் சத்தம் ஏறத் தொடங்கும்போதே பிரேக் மிதித்து இறக்கணும்.

பீன்யா_டிரம்
பிரேக் பக்கத்தை நான் சொல்கிறேன். "பிரேக் சரியாக இருந்தால்" என்று லோடு அண்ணன் எழுதியிருக்கிறார். சரியான பிரேக்குக்கும் எல்லை உண்டு.

16 டன் வண்டி 100 மீட்டர் கீழே இறங்கினால் கிட்டத்தட்ட 15.7 மெகாஜூல் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. கியரில் போனால் அதில் கணிசமான பங்கை எஞ்சின் வாங்கி ரேடியேட்டர், சைலன்சர் வழியாக வெளியே விடும். நியூட்ரலில் காற்றும் டயரும் தின்றது போக மிச்சம் மொத்தமும் நாலு பிரேக் டிரம்முக்கு (சக்கரத்தோடு சுற்றுகிற இரும்பு உருளை, உள்ளிருந்து ஷூ அழுத்தி நிறுத்தும்). டிரம் ஒன்று 45 கிலோ இரும்பு என்று வைத்தால், ஆறவே விடாத பட்சத்தில் 100 மீட்டருக்கு 190 டிகிரி ஏறும். டிரம் சூட்டில் விரிந்து ஷூவிலிருந்து விலகும், மிதி கீழே கீழே போகும். ஷூ மேல் இருக்கிற லைனிங் புகைந்து பிடிப்பு குறையும். ஹைட்ராலிக் பிரேக் என்றால் ஈரம் சேர்ந்த பழைய ஆயில் வீல் சிலிண்டரிலேயே கொதித்துக் குமிழி கட்டும். மிதி பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

அதோடு பிரேக்குக்கு வலுக் கொடுக்கிற வேக்குவம் பம்ப், ஏர் கம்ப்ரசர் எல்லாம் எஞ்சின் சுற்றில் ஓடுகிறவை. ஐடிலில் மெதுவாகத்தான் நிரப்பும். விட்டு விட்டுப் பல தடவை மிதித்தால் டேங்க் காலியாகிவிடும். இன்றைய ஸ்பிரிங் பிரேக் காற்று போனால் தானே பிடிக்கும். அது இல்லாத பழைய ஏர் பிரேக்கில் காற்று போனால் பிரேக்கும் போச்சு. எக்ஸாஸ்ட் பிரேக் (புகை போகும் வழியை அடைத்து எஞ்சினை மெதுவாக்குவது) பொருத்திய வண்டியிலும் கியர் விழுந்திருந்தால்தான் அது சக்கரத்தைப் பிடிக்கும்.

கலாசிபாளையம்_லோடு
சரி, தொப்பூருக்கு என் வாதம் நிற்காது என்று ஒத்துக்கொள்கிறேன். இரட்டைப் பாலம் வளைவுக்கு முன்னால் கியர் கையில் இல்லாதவனுக்கு வழியே இல்லை. கியர்பாக்ஸ் தம்பியின் 4,250 கணக்கு என்னை யோசிக்க வைத்தது.

ஆனால் பழியை டிரைவர் தலையில் மட்டும் கட்டாதீர்கள். 12 டன் மொத்த எடைக்குச் செய்த 1210-இல் அதற்கு மேல் எத்தனை டன் ஏற்றினார்கள்? லோடு ஏற ஏற டிரம் வாங்குகிற சூடும் அதே விகிதத்தில் ஏறும். ஏற்றச் சொன்னது டிரைவர் இல்லை.

பீன்யா_டிரம்
அதில் உங்களோடு முழுக்க நிற்கிறேன் அண்ணே. லோடு ஒன்றரை மடங்கு ஆனால் சூடும் ஒன்றரை மடங்கு, டிரம் அதே டிரம்.

கிளீனர்கள் செய்த இரண்டு தப்பையும் சேர்த்து எழுதிவிடுகிறேன், பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்றும் உதவும். இறங்கி முடித்ததும் புகைகிற டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வார்ப்பு இரும்பு விரிசல் விடும். டிரம் சூடாக இருக்கும்போது பிரேக் டைட் வைக்கவும் (ஷூவை டிரம்முக்கு நெருக்கமாக முடுக்கவும்) கூடாது, ஆறிச் சுருங்கியதும் ஷூ கவ்விக்கொள்ளும். ஆறவிட்டு, ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரம் உரசும் வரை முடுக்கி, பிறகு தாராளமாகச் சுற்றும் அளவுக்குக் கொஞ்சம் தளர்த்தணும். நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவு. இல்லையென்றால் மிதித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ஆடுகோடி_பம்ப்
மிதமான சரிவில் உருட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை, லோடு அண்ணே. பழைய பம்புகள் சிலவற்றில் நியூமாட்டிக் கவர்னர். எஞ்சின் காற்று இழுக்கிற இன்டேக்கில் உண்டாகிற வேக்குவம்தான் டயாஃப்ரம் என்ற மெல்லிய தோல் வழியாக ராக்கைப் பிடித்து வைக்கும். டயாஃப்ரம் கிழிந்தாலோ, அந்தச் சின்னக் குழாய் கழன்றாலோ ஸ்பிரிங் ராக்கை முழு டீசலுக்குத் தள்ளிவிடும். நியூட்ரலில் லோடு இல்லாத எஞ்சின் நொடியில் தறிகெட்டு ஏறும். உருட்டியே தீருவேன் என்றால் வண்டி எடுக்கும் முன் அந்தக் குழாயையும் கிளிப்பையும் கையால் இழுத்துப் பாருங்கள். டயாஃப்ரம் தோல் விறைத்திருந்தால் பெங்களூர் ஜே.சி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கேட்டு மாற்றிவிடுங்கள்.