திருப்பூர் மாவட்டத்துக்காரன் நான், எனக்கு எப்படி ஈரோடு எம்.பி.?

காங்கேயம் காளை:
வீடு காங்கேயத்தில், வேலை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி கட்டிங் செக்‌ஷனில். ஆதாரில் திருப்பூர் மாவட்டம் என்றுதான் இருக்கிறது. ஆனால் எம்.பி. தேர்தல் வந்தால் ஓட்டு ஈரோடு தொகுதிக்கு. மச்சான் பெருந்துறைக்காரன், ஈரோடு மாவட்டம். அவன் ஓட்டு திருப்பூர் தொகுதிக்கு! 2024இல் ஓட்டுப் போட்ட அன்று சாயங்காலம் ரெண்டு பேரும் விரல் மையைக் காட்டிக்கொண்டு, எம்.பி.யை மாத்திக்கலாமா என்று பேசிச் சிரித்தோம். இப்படி ஒரு எல்லைக்கோட்டை யார் போட்டது?

ராத்திரி ஷிப்ட்:
வேற யாரு, கட்சிக்காரங்க வேலைதான். அவங்கவங்களுக்கு வசதியா வெட்டிக்கிட்டாங்க.

பவானி வாத்தியார்:
இதில் சதி எதுவும் இல்லைங்க. எது முந்தி, எது பிந்தி என்று பார்த்தாலே புரிந்துவிடும். 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம் போட்ட எல்லைகள் 2008 பிப்ரவரியில் அமலுக்கு வந்தன. திருப்பூர் மாவட்டம் பிறந்ததோ 2009 பிப்ரவரியில். கோடு போட்டபோது உங்கள் காங்கேயமும் தாராபுரமும் ஈரோடு மாவட்டம்தான், அதனால் ஈரோடு தொகுதிக்குப் போயின. திருப்பூர் அப்போது கோவை மாவட்டம். பிற்பாடு மாவட்டத்தைப் பிரித்தார்கள், தொகுதியைத் தொடவில்லை.

இன்னொரு விஷயம். அதே உத்தரவில்தான் கோபிச்செட்டிபாளையம் என்ற பழைய எம்.பி. தொகுதி காணாமல் போனது. அதிலிருந்த கோபி, பவானி, அந்தியூர், பெருந்துறை நாலையும் எடுத்து, திருப்பூர் வடக்கு, தெற்கு ரெண்டையும் சேர்த்து, புதுத் தொகுதிக்குத் திருப்பூர் என்று பேர் வைத்தார்கள். ஆறில் நாலு ஈரோடு மாவட்டம். உடம்பு கோபி, தலை மட்டும் திருப்பூர்! ஒரே எம்.பி. பனியன் ஏற்றுமதிக்காரர் குறையையும் கேட்க வேண்டும், அந்தியூர்ப் பக்கத்துப் பர்கூர் மலைக்காரர் குறையையும் கேட்க வேண்டும். எனக்கு இது சரியாகப் படவில்லை, ஆனால் கணக்குப்படி தப்பில்லை. தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதி, 39 எம்.பி. தொகுதி, ஆக ஆளுக்கு ஆறு. ஒரு சட்டமன்றத் தொகுதியைப் பாதியாக வெட்டி ரெண்டு எம்.பி.க்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

தேர்தல் டியூட்டி பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், பவானியில் ஓட்டு முடிந்து சீல் வைத்த மெஷினெல்லாம் ஈரோட்டைத் தாண்டித் திருப்பூருக்குப் போகும். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், "நம்ம ஓட்டை எங்கேடா தூக்கிட்டுப் போறானுக?" என்று லாரிக்குப் பின்னாலேயே நாலு எட்டு நடந்தார்.

அவினாசி ரோடு:
உங்களுக்காவது ஈரோடு. நாங்கள் அவினாசி, எங்களுக்கு நீலகிரி! ஊட்டிக்காரரும் நாங்களும் ஒரே எம்.பி. பல்லடம் கோவைக்குப் போய்விட்டது, உடுமலையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சிக்கு. ஒரே மாவட்டத்துக்கு அஞ்சு எம்.பி. மாவட்டக் கூட்டம் என்றால் அஞ்சு பேருக்கும் நாற்காலி போட வேண்டும்.

காங்கேயம் காளை:
அப்போ எங்கள் தெரு பஸ் நிறுத்தத்துக்கு நிழற்குடை கேட்டு யாரிடம் மனு கொடுப்பது? போன மாசம் ஒரு ஆபீசில், இது எங்க ஏரியா இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பவானி வாத்தியார்:
எம்.பி. நிதி என்றால் ஈரோடு எம்.பி.தான். வருஷம் 5 கோடி, அதற்கான வேலையைப் பெரும்பாலும் அவரவர் தொகுதிக்குள்தான் சிபாரிசு செய்வார்கள். மனுவில் மாவட்டத்தை மட்டும் எழுதாமல் "காங்கேயம் சட்டமன்றத் தொகுதி" என்று முதல் வரியிலேயே போடுங்கள். வார்டு நம்பர் மாறியிருந்தால் அதை நம்பாதீர்கள், வாக்காளர் பட்டியலில் முதல் பக்கத்தைப் பாருங்கள், எந்தத் தொகுதி என்று அதிலேயே இருக்கும்.

காங்கேயம் காளை:
நன்றிங்க சார். இதை அப்படியே மச்சானுக்கு அனுப்பினேன். "அப்ப நான் இன்னும் கோபி தொகுதிக்காரன்தானா?" என்று கேட்கிறான். என்ன பதில் சொல்ல?