பாதுவாவில் பத்து நாள்: சோறு இல்லாமல் இருக்க முடியாதவரை எங்கே சாப்பிட வைப்பது?

குத்தாலத்து அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பையன் இத்தாலியில் பாதுவா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறான். இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். ஒருவழியாக இந்த ஜூன் 10 கிளம்புகிறோம். மேட்டூர் திறக்கிற சமயத்தில் ஊரில் இல்லாமல் எப்படி என்று இவர் ஒரு மாதமாக முனகல். 12ஆம் தேதி திறந்தாலும் நம்ம வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று சொல்லிச் சொல்லித்தான் டிக்கெட் போட வைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இவருக்கு மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சோறு வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி அரைமணி தள்ளிப்போனாலே முகம் மாறிவிடும். மீன், ஆட்டுக்கறி, கருவாடு எல்லாம் சாப்பிடுவார். மாடும் பன்றியும் கூடாது. நான் சைவம். கேக்கில் முட்டை இருந்தால் கண்டுகொள்ள மாட்டேன், அவ்வளவுதான் என் தாராளம். பையன் பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் இருப்பான், நாங்கள் இருவரும் தனியாகத்தான் சுற்ற வேண்டும். என்ன சாப்பிடுவது என்று கேட்டால் "பீட்சா இருக்கேம்மா" என்கிறான். இருபது வேளையும் பீட்சாவா? அவன் வீட்டில் அடுப்பு உண்டு, ஆனால் மூன்று பேர் பங்கு போடும் சமையலறை.

அப்புறம் காபி. என் பிறந்த வீடு கும்பகோணம். காலையில் ஒரு டம்ளர் உள்ளே போகாவிட்டால் மண்டை இடிக்கும். இத்தாலிக் காபி, இத்தாலிக் காபி என்று ஊரே பேசுகிறது, பார்த்துவிடலாம்.

கடைப் பெயர், இடத்தோடு சொன்னால் குறித்துக்கொள்வேன். இந்திய ஓட்டல் இருந்தாலும் சொல்லுங்கள்.

மதிலழகு:

அக்கா, நான் மன்னார்குடி. பாதுவாவில் நான்கு வருடம் குப்பை கொட்டியவன். முதலில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி: பன்னிரண்டரை மணி என்பது அங்கே சரியான சாப்பாட்டு நேரம். சாருக்குப் பிரச்சினை மத்தியானம் வராது, சாயங்காலம்தான் வரும். இரண்டரை மணிக்கு அடுப்பை அணைத்தார்கள் என்றால் ஏழு, ஏழரைக்குத்தான் மறுபடி பற்ற வைப்பார்கள். ஐந்து மணிக்குப் போய் "ஏதாவது இருக்கா" என்று கேட்டால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். நடுவில் பசித்தால் பார் என்று பலகை போட்ட இடத்துக்குப் போங்கள். பார் என்றதும் பயப்பட வேண்டாம், நம்ம ஊர் டீக்கடைதான் அது. காபியும் ரொட்டியும் கிடைக்கும், பாட்டிமார்கள் நின்று குடித்துவிட்டுப் போவார்கள்.

திருவாரூர் தேரழகு, மன்னார்குடி மதிலழகு என்று நாம் சொல்கிற மாதிரி பாதுவாக்காரர்களுக்கும் ஒரு வசனம் உண்டு. பேரில்லாத புனிதர், புல்லில்லாத புல்வெளி, கதவில்லாத காப்பிக்கடை. புனிதர் என்றால் அந்தோனியார். ஊரில் யாரும் பேர் சொல்வதில்லை, 'இல் சான்தோ' என்றாலே அவர்தான். புல்வெளி, பிராத்தோ தெல்லா வால்லே என்கிற பெரிய திடல் (இப்போது நடுவில் புல் இருக்கிறது, பேர் மாறவில்லை). காப்பிக்கடைதான் உங்களுக்கு. கஃபே பெத்ரோக்கி, 1831இல் திறந்தது. 1916 வரை ராத்திரி பகல் மூடாமல் நடந்ததால் கதவில்லாத கடை என்று பேர். உள்ளே வெள்ளை, சிவப்பு, பச்சை என்று மூன்று கூடம். பச்சைக் கூடத்தில் ஒன்றும் வாங்காமலே உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம் என்பது பழைய வழக்கம், மாணவர்கள் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். வெள்ளைக் கூடத்துச் சுவரில் 1848 மாணவர் கலகத்தின்போது பாய்ந்த குண்டின் ஓட்டை இன்னும் இருக்கிறது. சாருக்குக் காட்டுங்கள், காபி விலை பார்த்து வரும் கோபம் கொஞ்சம் ஆறும்.

அங்கே அந்தக் கடையின் பேரிலேயே ஒரு காபி உண்டு. அடியில் சூடான எஸ்பிரெஸ்ஸோ, மேலே சில்லென்று புதினா போட்ட பாலேடு, அதன்மேல் கோகோ தூவல். கலக்கக் கூடாது, சர்க்கரை போடக் கூடாது என்பார்கள். புதினாவைத் துவையலில் மட்டுமே பார்த்த நமக்கு முதல் வாய் ஒரு மாதிரி இருக்கும். மூன்றாவது வாயில் எனக்குப் பிடித்துப்போயிற்று. தினமும் குடிக்கிற காபிக்கு அங்கே போகாதீர்கள், எந்த முனைக்கடையிலும் கப்புச்சீனோ கேளுங்கள். நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. 'லாட்டே' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், வெறும் பாலைக் கொண்டுவந்து வைப்பார்கள். கும்பகோணத்து நாக்குக்கு நுரை அதிகம், சூடு போதாது என்று தோன்றும். சண்டை போட வேண்டாம்.

இப்போது சாப்பாடு. ஊர் நடுவில் பலாட்ஸோ தெல்லா ராஜோனே என்று ஒரு பழைய நீதிமன்ற மண்டபம். 1218இல் கட்ட ஆரம்பித்தது. ஒரு பக்கம் காய்கறிச் சந்தை (பியாட்ஸா தெல்லே எர்பே), மறுபக்கம் பழச்சந்தை (பியாட்ஸா தெல்லா ஃப்ருட்டா), மண்டபத்துக்கு அடியிலேயே வரிசையாகக் கடைகள். பாலாடைக்கட்டி, ரொட்டி, அன்று செய்த பாஸ்தா, கருவாடு. மேலே நீதி, கீழே வியாபாரம் என்று நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. நீதிமன்றம் போய்விட்டது, வியாபாரம் எண்ணூறு வருடமாக நடக்கிறது. காலையில் போய்விடுங்கள், மத்தியானத்துக்கு மேல் வெளிக்கடைகளைக் கட்டிவிடுவார்கள். நான் கையில் காசில்லாத நாட்களில் இங்கே ரொட்டி, தக்காளி, ஆலிவ், ஒரு துண்டு பாலாடைக்கட்டி வாங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதுதான் பாதுவாவில் என் நல்ல சாப்பாடு என்று இப்போது தோன்றுகிறது. ஒரு விஷயம், சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன்: அந்தப் பக்கத்துப் பேர்போன கிரானா பதானோ பாலாடைக்கட்டியில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைதான் போடுகிறார்கள். கறாரான சைவம் என்றால் அதை விட்டுவிடுங்கள். மொசரெல்லாவிலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி எச்சரிக்கை. அந்த ஊரில் குதிரைக்கறி உண்டு. சன்னமாக நார் நாராகக் கிழித்து, சிவப்பாகச் சாலட் மேலும் பீட்சா மேலும் தூவியிருப்பார்கள். போன புதிதில் ஒரு கடையில் அதைத் துருவிய பீட்ரூட் என்று நினைத்துப் பாதி தின்றுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்துக்கொண்டே கையைக் கடிவாளம் பிடிப்பதுபோல் ஆட்டிக் காட்டியபோதுதான் தெரிந்தது. 'காவாலோ' என்றால் குதிரை, 'மூஸோ' கழுதை, 'மான்ட்ஸோ' மாடு, 'மயாலே' பன்றி. இந்த நான்கையும் ஒரு சீட்டில் எழுதிச் சார் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள்.

உங்களுக்கு இன்னொரு பொறி: பீகொலி இன் சால்ஸா. பீகொலி என்பது நம்ம சேவை நாழி மாதிரி ஒரு உரலில் வைத்துப் பிழிகிற தடித்த பாஸ்தா. அதன்மேல் வெங்காயம் மட்டும் வதக்கிப் போட்டது மாதிரி இருக்கும், உள்ளே நெத்திலி கரைந்திருக்கும். சாருக்குக் கொடுத்துவிடுங்கள். வாத்துக்கறி போட்ட பீகொலியும் உண்டு, அறுத்த வயலில் வாத்து மேயப் பார்த்தவர் வேண்டாமென்று சொல்ல மாட்டார்.

சோறு என்றால் ரிசொட்டோ. பச்சைப் பட்டாணி போட்ட 'ரீஸி ஏ பீஸி' அந்தப் பக்கத்துப் பதார்த்தம், பார்க்கக் குழைந்த வெண்பொங்கல் மாதிரி. ஆனால் அதில் பன்றிக்கொழுப்பு போடுவது வழக்கம், மற்ற ரிசொட்டோவிலும் கறிவேகவைத்த தண்ணீர் ஊற்றியிருக்கலாம். 'ப்ரோதோ வெஜெதாலே?' என்று கேளுங்கள், காய்த் தண்ணீரா என்று அர்த்தம். தலையாட்டினால் சாப்பிடுங்கள். இன்னொன்று, அரிசி நடுவில் நறுக்கென்று இருக்கும். வேகவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள், அதுதான் அவர்களுக்குப் பதம்.

அவசரத்துக்கு: எர்பே சதுக்கத்தில் பார் நாட்ஸியொனாலேயில் முக்கோண ரொட்டிச் சாண்ட்விச். இனிப்புக்குப் பழச்சந்தையில் கிராத்சியாத்தி என்ற கடை, அடுக்கடுக்காக மொறுமொறுவென்று நடுவில் கிரீம் வைத்த பலகாரம் கேளுங்கள். சாயங்காலம் எல்லோர் கையிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கிளாஸ் இருக்கும். அது ரஸ்னா இல்லை. அதில் ஊற்றும் அபெரோல் என்ற மதுவே 1919இல் பாதுவாவில் வெளிவந்ததுதான். உட்கார்ந்து சாப்பிட்டால் பில்லில் 'கோப்பெர்த்தோ' என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ சேர்ப்பார்கள். ஏமாற்று இல்லை, இலை போட்டதற்கான காசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாகைக் கடற்கரை:

எங்கள் பக்கம் பதுவை என்போம். கோடி அற்புதர் அந்தோனியார் ஊர். வேளாங்கண்ணியிலிருந்து ஒரு குழுவாகப் போயிருந்தேன்.

அக்கா, நீங்கள் தேதியைக் கவனித்தீர்களா? ஜூன் 13 அந்தோனியார் திருவிழா. அவர் 1231இல் இறந்த நாள். ஊருக்கே விடுமுறை, பாதிக் கடை பூட்டியிருக்கும், திறந்திருக்கிற கடையில் இடம் கிடைக்காது. முதல் நாளே ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துவிடுங்கள். சாயங்காலம் ஊர்வலம் பாருங்கள், மதம் எதுவானாலும் பார்க்கலாம், நம்ம ஊர் தேரோட்டக் கூட்டம்தான். அந்தோனியார் பேரில் ஏழைகளுக்கு ரொட்டி கொடுப்பது எங்கள் கோவில்களிலும் உண்டு.

சாருக்கு: பழச்சந்தையில் சாயங்காலமானால் லா ஃபோல்பெரியா என்று ஒரு தள்ளுவண்டி நிற்கும். பேய்க்கணவாயை அவித்து, கண்முன்னே வெட்டி, எண்ணெயும் மூலிகைச் சாறும் ஊற்றித் தட்டில் கொடுப்பார்கள். மசாலா கிடையாது, ஆனால் கணவாய் புதுசு. எங்கள் ஊரில் சின்ன வயதில் கரைவலைக்காரர்கள் வீட்டில் தின்ற ருசி எனக்கு அங்கே ஞாபகம் வந்தது. மத்தி மீனைப் பொரித்து வெங்காயம், காடி (வினிகர்), உலர்திராட்சையோடு ஒருநாள் ஊறவைத்த 'சார்தே இன் சாவோர்' கேளுங்கள். முதல் நாள் வைத்த மீன்குழம்புக்கு மறுநாள் ஒரு ருசி வருமே, அந்தத் தத்துவம். கருவாடு என்றால் 'பக்கலா', பாலில் வேகவைத்து மக்காச்சோளக் களியோடு தருவார்கள். களிக்கு அங்கே பேர் பொலென்தா. களி உங்களுக்கும் ஆகும்.

டீக்கடை பெஞ்ச்:

இந்திய ஓட்டல் எதற்கு? அவ்வளவு தூரம் போய் பனீர் பட்டர் மசாலாவா? ரயிலடிக்கு வடக்கே அர்சேல்லா பக்கம் நம்ம நாட்டு, வங்கதேசத்து மளிகைக் கடைகள் உண்டு. அரிசி, பருப்பு, மிளகாய் வாங்கிப் பையன் அடுப்பில் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு ரசம் வைத்துவிடுங்கள், தீர்ந்தது.

குறுவை சம்பா தாளடி:

வலங்கைமான் பக்கம் விவசாயம். நான் இத்தாலி போனதில்லை, ஆனால் அவர்கள் நெல் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன். சாரை ஒருநாள் வெரோனா வழியாக ஈஸொலா தெல்லா ஸ்காலா கூட்டிப் போங்கள். வெரோனாவுக்குத் தெற்கே இருபது கிலோமீட்டர். வியலோனே நானோ என்ற குட்டை ரக அரிசி அங்கேதான், ஊற்றுத் தண்ணீர்ப் பாசனம். வருடத்துக்கு ஒரே போகம். ஏப்ரல், மே மாதத்தில் விதைத்துச் செப்டம்பர் வாக்கில் அறுவடை. ஜூனில் போனால் தண்ணீர் நின்ற பச்சை வயல் பார்க்கலாம். 2022இல் வட இத்தாலியின் பெரிய ஆறான 'போ'வில் எழுபது வருடத்தில் காணாத வறட்சி வந்தது. அந்தப் படங்களைப் பார்த்தபோது நம்ம கொள்ளிடம் மாதிரியே மணலாகக் கிடந்தது. ஊரில் வாய்க்காலை நினைத்து முனகுவதற்குப் பதில் அவர் அங்கே மடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

குத்தாலத்து அக்கா:

எல்லோருக்கும் நன்றி. இவருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். குதிரைக்கறி இடத்தில் எழுந்து போய்விட்டார், வயல் இடத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தார். மதிலழகு தம்பி, ரிசொட்டோவுக்கு அரிசியைக் கழுவவே மாட்டார்களாமே, பையன் சொன்னான், நிஜமா? இன்னொன்று, பையனுக்கு ஒரு பாட்டில் நெய், பால்கோவா, கொல்லையிலிருந்து கருவேப்பிலை எடுத்துப் போகலாமா?

மதிலழகு:

நிஜம்தான் அக்கா. கழுவினால் மேலே இருக்கிற மாவு போய்விடும், அந்த மாவுதான் ரிசொட்டோவைக் குழைய வைப்பது. கிண்டிக் கிண்டித் தண்ணீர் விட்டு அதை வெளியே கொண்டுவருகிறார்கள். களைந்த தண்ணீரை மாட்டுக்கு ஊற்றுகிற நாம் அதைப் பார்க்காமல் இருப்பது நல்லது.

நெய்யும் பால்கோவாவும் கூடாது. வெளிநாட்டிலிருந்து பையில் பால் பொருள், இறைச்சி எடுத்து வர ஐரோப்பிய ஒன்றியம் விடாது, பிடித்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பச்சைக் கருவேப்பிலையும் ஆகாது, காயவைத்துப் பொடி செய்துவிடுங்கள். தேங்காய், வாழைப்பழம் தடையில்லை. மீன், சொந்த உபயோகத்துக்கு இருபது கிலோ வரை விடுவார்கள், கருவாடு அதில் அடங்கும்.

குத்தாலத்து அக்கா:

இந்தக் கடைசி வரியை நீங்கள் தனியாக எனக்கு எழுதியிருக்கலாம் தம்பி. பெட்டியில் நெய்க்கு ஒதுக்கிய இடத்தில் இவர் இப்போதே பழைய பேப்பரை மடித்து வைக்கிறார்.