‘மை லாஸ்ட் டச்சஸ்’ நடத்தும்போது

கல்லூரியில் ஆங்கிலக் கவிதை நடத்துபவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன். கவிஞரின் வாழ்க்கைக் குறிப்பையும் கதைச் சுருக்கத்தையும் முதலிலேயே கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு கவிதையை விட்டுவிடுவார்கள். ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் தம்பி 1818-இல் காசநோயில் இறந்ததைக்கூட, 1819-இல் எழுதிய நைட்டிங்கேல் கவிதையை வாசித்து முடித்த பிறகுதான் சொல்வேன். இளமை வெளிறி மடியும் அந்த வரிக்கு அவர்களே திரும்பிப் போவார்கள்.

இன்னொரு ஆங்கிலக் கவிஞர் பிரௌனிங்கின் ‘மை லாஸ்ட் டச்சஸ்’ 1842-இல் வந்தது, 56 வரி. டச்சஸ் என்றால் பிரபுவின் மனைவி. ஒரு பிரபு, மறைந்த மனைவியின் ஓவியத்தை வந்தவர் ஒருவருக்குக் காட்டிப் பேசுகிறான். இவ்வளவு சொல்லிவிட்டு ஒருவரை எழுப்பி வாசிக்கச் சொல்வேன். ஒரே நிபந்தனை: வரி முடிந்தால் நிற்கக் கூடாது, நிறுத்தற்குறி வந்தால்தான் நிற்க வேண்டும்.

செய்யுளை ராகமாகப் படித்துப் பழகியவர்கள் முதலில் தடுமாறுவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு மனிதன் பேசுவது காதில் விழ ஆரம்பிக்கும். அந்தி வெயில், செர்ரிக் கொத்து, தான் கொடுத்த பரிசு எல்லாவற்றுக்கும் மனைவி ஒரே மாதிரி மகிழ்ந்தாள் என்று குறைபடுகிறான். அப்புறம், தான் ஆணையிட்டதையும் சிரிப்பெல்லாம் நின்றுபோனதையும் சாதாரணமாகச் சொல்கிறான். வாசித்துக்கொண்டிருந்த மாணவர் அங்கே நிறுத்தி, அந்த வரியைத் திரும்பப் படித்தார். “சார், கொன்னுட்டானா?”

நான் பதில் சொல்லவில்லை. ஓவியத்தின் திரையைத் தன்னைத் தவிர யாரும் விலக்குவதில்லை என்று அவன் முதலிலேயே சொன்னதை ஒரு மாணவி காட்டினார். “இப்ப அவ யாரைப் பாத்துச் சிரிக்கணும்னு அவன்தானே சார் முடிவு பண்றான்!” அதற்கு மேல் நான் விளக்க என்ன இருக்கிறது?

வரிகளின் கடைசி ஒலி ஒன்றிவரும் இயைபைக் கடைசியில்தான் காட்டுவேன். இரண்டிரண்டு வரியாகக் கச்சிதமாக விழுகிறது, கேட்கும்போது தெரிவதே இல்லை. இயல்பான பேச்சுக்கு அடியில் அப்படியொரு பிடி. பிரபுவின் குணமும் அதுதான்.

வந்தவர் அடுத்த கல்யாணம் பேச வந்த தூதர் என்பது முடிவில்தான் தெரியும். அவர் தன் எஜமானருக்கு எழுதும் கடிதத்தை எழுதி வரச் சொன்னேன். பலர் ‘பெண் கொடுக்காதீர்கள்’ என்று எச்சரித்திருந்தார்கள். ஒருவர் மட்டும் வரதட்சணைப் பேச்சை எழுதிவிட்டு ஓவியத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். “அவர் சம்பளத்துக்கு வேலை பாக்கிறவர் சார். எதுக்கு வாயைத் திறக்கணும்?” என்றார். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியதில் அடுத்த பாடவேளையும் அதிலேயே போயிற்று.