பொருள்: மனையூர்தியின் சாப்பாட்டு இடம் – பந்தியா, திண்ணையா?

மடல் 1 – உப்புவெளியிலிருந்து (திருகோணமலை, இலங்கை)

அனைவருக்கும் வணக்கம்.

உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வாகனமான மனையூர்திக்கான சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள படுக்கைக்குப் பரண், கூரையிலிருந்து இறங்கி வரும் படுக்கைக்கு இறக்குபரண், பின் அச்சைத் தாண்டி நீளும் உடலுக்குப் பின்தொங்கல், உள்ளே நடந்துபோகும் வழிக்கு நடை. இவற்றுக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. கிடைப்படம், தளவமைப்பு இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். தாளில் வரைவது கிடைப்படம், வாகனத்துக்குள் எது எங்கே இருக்கிறது என்பது தளவமைப்பு.

இழுபறியாக நிற்பது சாப்பாட்டு இடம் ஒன்றுதான். வரைவில் ‘உணவருந்துமிடம்’ என்று இருக்கிறது. இருக்கைகளும் நடுவில் ஒரு மேசையும் கொண்ட அந்தப் பகுதி மூன்று வேலை செய்கிறது. நின்ற இடத்தில் சாப்பாடு, இரவில் படுக்கை, ஓடும்போது பயணிகளின் இருக்கை. வரைவிலுள்ள சொல் முதலாவதை மட்டும்தான் சொல்கிறது. ‘சாப்பாட்டு மேசை’ அதைவிட மோசம். மேசையைக் கழற்றி எடுத்த பிறகும் அந்த இடம் அங்கேதானே இருக்கும்.

என் பரிந்துரை ‘பந்தி’. கூடியிருந்து சாப்பிடும் வரிசைக்கு நம்மிடம் ஏற்கெனவே உள்ள சொல் அது. அதோடு அடைகளும் எளிதாக ஒட்டும். எதிரெதிரே இரண்டு இருக்கை என்றால் எதிர்ப்பந்தி. ஒரு பக்கம் மட்டும் இருக்கை வைத்து, மறுபக்கத்துக்கு ஓட்டுநர் இருக்கைகளைத் திருப்பிக்கொள்வது அரைப்பந்தி. பின்சுவரைச் சுற்றி ப வடிவில் வருவது வளைபந்தி. பக்கச் சுவரோடு நீளமாகப் போவது ஓரப்பந்தி.

வாகன உடல் கட்டுகிற அண்ணைமார் இந்த நாலையும் பார்த்துச் சொல்லுங்கள்.

மடல் 2 – சீனக்குடாவிலிருந்து

> வளைபந்தி … ஓரப்பந்தி

தங்கச்சி, பந்தி நல்ல சொல். ஆனால் இந்த இரண்டுக்கும் அதை வைக்கக் கூடாது என்பேன். கிடைப்படத்தைப் பார்த்து வாகனம் கட்டச் சொல்லுகிறவர் முதலில் கேட்க வேண்டியது ‘ஓடும்போது எத்தனை பேர் இருக்கலாம்’ என்பதைத்தான். நாலுக்கும் பந்தி என்று எழுதினால், ஆறு பேர் சாப்பிடும் இடத்தில் ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு ஹபரணைப் பக்கம் புறப்பட்டுவிடுவார்கள்.

பக்கம் பார்த்து இருப்பவரின் உடலை, மோதலின்போது சாதாரண பெல்ட் சரியாகப் பிடிக்காது. இடுப்பு நின்றுவிடும், மேலுடம்பு பக்கவாட்டில் முறுகும். ஐரோப்பாவில் 2007 ஒக்டோபர் 20 முதல் புதிய கார், வான்களில் பக்கம் பார்த்த பயண இருக்கைக்கு இடமில்லை. வளைந்த இருக்கையில் பின்சுவரை ஒட்டிய பகுதி முன்னோக்கி இருந்தாலும், அதன் இரண்டு கைகளும் பக்கம் பார்த்தவை. ஆகவே நிறுத்திய பின் இருந்து பேசவும் உண்ணவும் படுக்கவும் மட்டும் உரிய அந்த இரண்டுக்கும் ‘திண்ணை’ என்று வைப்போம். வீட்டுத் திண்ணையில் பகலில் இருப்போம், இரவில் படுப்போம், அதில் ஏறி யாரும் பயணம் போவதில்லை. வளைதிண்ணை, ஓரத்திண்ணை. பெல்ட் உள்ளது பந்தி, இல்லாதது திண்ணை என்று பிரித்துவிட்டால் படத்தைப் பார்த்த உடனேயே ஆள் எண்ணிக்கை தெரிந்துவிடும்.

பந்தி என்று எழுதியவுடன் கட்டுகிறவருக்கும் ஒரு கடமை வருகிறது. பலகைப் பெட்டி அடித்து, அதன் முதுகில் பெல்ட் முடுக்கினால் அது பந்தியாகாது. வாகனம் மோதினால் ஆளின் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்த ஆணிகளில் விழும். பலகை கிழிந்து பெட்டியும் ஆளும் ஒன்றாக முன்னுக்கு வரும். இரும்புச் சட்டகம் வேண்டும். அதன் போல்ட் தரையைத் துளைத்துக் கீழே சட்டத்தில், அல்லது தகரத்துக்கு அடியில் வைத்த தடித்த தகட்டில் பிடிக்க வேண்டும். முன்னோக்கிய இருக்கைக்கு மூன்று முனைப் பெல்ட். அதன் மேல்முனையும் அதே சட்டகத்திலேயே நிற்க வேண்டும். ஒற்றைக்கால் மேசையென்றால் ஓடும்போது காலைக் கழற்றிக் கட்டி வைக்க வேண்டும். அவிழ்ந்த மேசைப்பலகை உள்ளே பறந்தால் பெல்ட் போட்டும் பயனில்லை.

> ஓட்டுநர் இருக்கைகளைத் திருப்பிக்கொள்வது அரைப்பந்தி

சொல்லை ஏற்கிறேன். ஆனால் விளக்கத்தில் ஒரு வரி சேருங்கள். அரைப்பந்தி ஃபியட் டுகாட்டோ மாதிரி எஞ்சின் முன்மூக்கில் உள்ள வான்களுக்கு உரியது. இங்கே நாம் கட்டுவது பெரும்பாலும் டொயோட்டாவின் ஹயஸ் வான், கோஸ்டர் சிறுபேருந்து. தட்டைமூக்கு ஹயஸில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. கோஸ்டரிலும் ஓட்டுநர் பக்கத்தில் எஞ்சின் மூடி எழும்பி நிற்கும். இருக்கையைத் திருப்ப இடமில்லை. திருப்பினாலும் கால் வைக்கத் தரை ஒரே மட்டத்தில் இல்லை. ஐரோப்பியப் படத்தைப் பார்த்து ‘இப்படியே வேண்டும்’ என்று வருகிறவருக்கு முதலில் விளக்க வேண்டியது இதுதான். ஹயஸுக்கு எதிர்ப்பந்தி, கோஸ்டருக்கு எதிர்ப்பந்தியோடு வேண்டுமானால் பின்னால் ஒரு திண்ணை.

எதிர்ப்பந்தியின் அளவுகளையும் பதிவில் போடலாம். இருக்கை மெத்தையின் ஆழம் 48 செ.மீ., முதுகு மெத்தையின் தடிப்பு 10, இரண்டு இருக்கைக்கும் நடுவே 68. சுவர் வழியே மொத்தம் 184. இரவில் மேசையை இறக்கி, முதுகு மெத்தை இரண்டையும் கழற்றிப் படுக்கப்போட வேண்டும். இருக்கை மெத்தைகள் 96 போக மீதி 88. ஆகவே முதுகு மெத்தை ஒவ்வொன்றின் உயரமும் 44 ஆக வர வேண்டும். பிழை விடுகிற இடம் இதுதான். சாய்வு நன்றாக இருக்கட்டும் என்று 50 வெட்டினால் படுக்கைக்குள் அடங்காது. 38 வெட்டினால் இடுப்புக்கு நேரே 12 செ.மீ. பள்ளம். மெத்தைக்காரரிடம் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

ஆள் ஏறி இருந்து மெத்தை அமுங்கிய பிறகு இருக்கையின் உயரம் 44, மேசை 72. இடையில் 28 இருந்தால் தொடையும் இடிக்காது, தட்டும் நெஞ்சுக்கு ஏறாது. மேசைப்பலகை இரண்டு இருக்கைப் பெட்டிக்கும் இடையில் இறங்கி, பெட்டி முகத்தில் அறைந்த சட்டங்களில் நிற்க வேண்டும். அதற்கு 68ஐயே முழுதாக வெட்டினால் இறங்காது. 67 வெட்டுங்கள். ஓரத்தைப் பூசி அடையுங்கள். அடைக்காத பலகை கார்த்திகை, மார்கழி மழையில் ஊதி, இறக்கிய மேசை மேலே வர மறுக்கும். ஆணி, கீல் எல்லாம் துருப்பிடியாத உருக்காக இருக்கட்டும். நிலாவெளிக் கரையில் நிற்கும் வண்டிக்கு மற்றது தாங்காது.

அகலம்: நீளமான அகல ஹயஸின் உள்ளே சுமார் 173. சுவருக்கு இரண்டு பக்கமும் 3 போனால் 167. இருக்கை 105, நடைக்கு 50 விட்டாலும் 12 மீதி. இருவர் தோள் இடிக்காமல் இருக்கலாம். ஒடுங்கிய ஹயஸில் அது முடியாது. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் என்று படத்திலேயே எழுதிவிடுவது நேர்மை.

இனி இடம். நாங்கள் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், கதவு இடப்பக்கம். பந்தி வலப்பக்கச் சுவரோடு, கதவுக்கு எதிரே வந்தால் கதவும் பந்தி யன்னலும் நேருக்கு நேர் அமையும். கச்சான் என்ற வெப்பக்காற்று அடிக்கும் மாதங்களில் உள்ளே வெக்கை தங்காமல் இருக்க இந்தக் குறுக்குக் காற்று கட்டாயம் வேண்டும். நிலாவெளி வீதியோரம் வடக்கு நோக்கி நிறுத்தினால் வலப்பக்க யன்னல் கடலைப் பார்க்கும். வலப்பக்கம் ஓட்டுகிற நாடுகளின் கிடைப்படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரட்டித்தான் எடுக்க வேண்டும். அப்படியே எடுத்தால் கதவு வாகனங்கள் ஓடும் பக்கம் திறக்கும்.

பின்சுவரோடு வளைதிண்ணை கேட்பவர்கள் மூன்று பக்கமும் கடல் தெரியும் என்பதற்காகக் கேட்கிறார்கள். ஆசை சரிதான், ஆனால் எடையைப் பாருங்கள். நீளமான கோஸ்டரின் அச்சிடைத் தூரம் 3.935 மீ. பின் அச்சுக்கு 1.5 மீ. பின்னால், திண்ணைக்கு அடியில் 100 லீற்றர் தண்ணீரும் பெட்டிகளும் மெத்தையுமாக 240 கிலோ வைத்தால் பின் அச்சில் ஏறுவது 240 அல்ல, ஏறக்குறைய 331. முன் அச்சில் 91 குறையும். ஸ்டீயரிங் இலேசாகும், மழையில் முன்சில்லு பிடி இழக்கும். தண்ணீர்த் தாங்கியை இரண்டு அச்சுக்கும் நடுவில், பந்தி இருக்கைக்கு அடியில் வையுங்கள். திண்ணைக்கு அடியில் போர்வை, தலையணை போதும்.

மடல் 3 – நகரிலிருந்து

இருவருக்கும் வணக்கம். பந்தி என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரையின் ஒரு பத்தி. ‘குதிரைப் பந்தி’ என்று லாயத்தையும் சொல்வதுண்டு. இது பெரிய தடையல்ல, சூழல் பிரித்துக் காட்டிவிடும். எனக்கு உறுத்துவது வேறு. தளவமைப்பில் இடத்தைக் குறிக்க ‘முன்பந்தி’, ‘பின்பந்தி’ என்று எழுதத் தொடங்கினால், கல்யாண வீட்டுப் பழக்கத்தில் அது முதலில் சாப்பிடுகிறவர், பிறகு சாப்பிடுகிறவர் என்றாகிவிடும். ‘முன்புறப் பந்தி’, ‘நடுப்பந்தி’ என்று எழுதச் சொல்லுங்கள். பின்னால் வருவது அநேகமாகத் திண்ணையே என்பதால் அங்கே சிக்கலில்லை.

தம்பி, ஒரு கேள்வி. எதிர்ப்பந்தியில் பின்னோக்கிய இருக்கைக்குப் பெல்ட் இல்லாமல் விட்டால் அது என்ன?

மடல் 4 – சீனக்குடாவிலிருந்து

ஐயா, அது அரைவாசி பந்தி, அரைவாசி திண்ணை. அப்படிக் கட்டுகிறார்கள், அதனால் பதிவில் ஒதுக்க முடியாது. படத்தில் ஒவ்வோர் இருக்கையிலும் பெல்ட் குறி போடுவதுதான் வழி. குறி உள்ள இருக்கைகளை மட்டும் எண்ண வேண்டும்.

மடல் 5 – உப்புவெளியிலிருந்து

நன்றி அண்ணை, நன்றி ஐயா. பதிவு இப்படி:

பந்தி: மனையூர்தியில் மேசையோடு அமைந்த இருக்கைப் பகுதி. ஓடும்போது இருக்கத்தக்கவாறு சட்டகத்தில் பிடித்த பெல்ட் உடையது. படத்தில் பெல்ட் குறியிட்ட இருக்கைகளே பயண இருக்கைகள். வகை: எதிர்ப்பந்தி, அரைப்பந்தி (எஞ்சின் முன்மூக்கில் உள்ள வான்களில் மட்டும்).

திண்ணை: நிறுத்திய பின் இருக்கவும் உண்ணவும் படுக்கவும் உரியது. பயண இருக்கையாகாது. வகை: வளைதிண்ணை, ஓரத்திண்ணை.

இடம் குறிக்க முன்புற, நடு என்ற அடைகள்.

நிறுத்திய பின் சுவரோடு வெளியே தள்ளிக்கொண்டு பந்தியை அகலப்படுத்தும் அமைப்புக்கு ‘நீட்டறை’ என்று ஒருவர் தனியே எழுதியிருந்தார். உள்ளே இழுத்த நிலையில் நடைக்கு எத்தனை செ.மீ. மிஞ்ச வேண்டும் என்பதும் அதனோடு சேர்ந்த கேள்வி. அதற்கு வேறு தலைப்பில் மடல் தொடங்குகிறேன்.