புதுப்பிப்பு: கருத்தடைக்குப் பிறகு எங்கள் ஆண் முயல்

எங்கள் காலைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறான், சோபா மேல் சிறுநீர் பீய்ச்சுகிறான், கருத்தடை செய்தால் அடங்குவானா என்று முன்பு கேட்டிருந்தேன். அறுவை சிகிச்சை முடிந்தது. உடனே ஒன்றும் மாறவில்லை. ஹார்மோன் தணிய 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை குட்டி உண்டாகவும் வாய்ப்பு உண்டு என்பதால் பெண் முயலைத் தனியாகவே வைத்திருந்தோம்.

இப்போது பீய்ச்சுவது நின்றுவிட்டது. சிறுநீருக்குத் தட்டைத் தேடிப் போகிறான். புழுக்கை மட்டும் வழியில் ஒன்றிரண்டு உதிர்கிறது. காலைச் சுற்றுவது எப்போதாவது உண்டு, ஆனால் முன்பு அதோடு வந்த 'உம் உம்' முனகலும் கடியும் இல்லை. நாற்காலிக் காலில் தாடையைத் தேய்த்து உரிமை கொண்டாடுவது அப்படியே. வயர் கடிப்பதும் குறையவில்லை. சரி, அது முயலின் பிறவிக் குணம். வயருக்கு உறை போட்டாயிற்று.

அடுத்து பெண் முயலுக்கும் செய்யப் போகிறோம். அப்புறம்தான் இரண்டையும் சேர்ப்போம்.