எஸ்விடியா, 800ஆர்பியா? ஒரே பாஸ் கிட்டார், இரண்டு ஆம்ப்

நாலுகம்பி:
நண்பர் ஒருவரின் ஸ்டூடியோவில் நேற்று பொழுது போனதே இதில்தான். ஃபெண்டர் ப்ரெசிஷன் பாஸ் கிட்டார், ரவுண்ட்வுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) கம்பி, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். முதலில் ஆம்பெக் எஸ்விடி ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்), வெற்றிடக் குழாயில், அதாவது டியூபில் ஓடுவது; பத்து இஞ்ச் ஸ்பீக்கர் எட்டு உள்ள அதன் 810 பெட்டியோடு. அடுத்து டிரான்சிஸ்டரில் ஓடும் கேலியன்-க்ரூகர் 800ஆர்பி ஹெட், பத்து இஞ்ச் ஸ்பீக்கர் நாலு உள்ள ஒரு 'நாலு பத்து' பெட்டியோடு. காகிதத்தில் இரண்டுமே 300 வாட். ஆனால் எஸ்விடி நெஞ்சில் வந்து உட்கார்கிறது. 800ஆர்பி காதோடு நின்றுவிடுகிறது. டியூப் டியூப்தான். மாற்றுக் கருத்து இருந்தால் வாருங்கள்.

டிரான்சிஸ்டர்தாசன்:
வந்துவிட்டேன். ஹெட்டையும் மாற்றி, பெட்டியையும் மாற்றிவிட்டு, பெருமையை மட்டும் டியூபுக்குக் கொடுப்பது என்ன நியாயம்? எட்டு ஸ்பீக்கருக்கு எதிரே நாலு ஸ்பீக்கர். நீங்கள் கேட்ட வித்தியாசத்தில் பெரும்பகுதி பெட்டியின் மரமும் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும்தான்.

இன்னொன்று. அந்த 810 பெட்டி அடித்தொண்டையில் பாடுகிறது என்றே எல்லோரும் நம்புகிறார்கள். ஆம்பெக் கொடுக்கும் கணக்கைப் பாருங்கள்: 58 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் இறங்கிவிடுகிறது, 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபெல். கீழ் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். அதன் அடிப்படைச் சுருதியை அந்தப் பெட்டி பாதி முழுங்கித்தான் தருகிறது. நெஞ்சில் உட்கார்ந்தது அதன் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸும் அதற்கு மேலே உள்ள மிட்டும் (நடு அலைவரிசை).

வால்வுமணி:
தாசன் அண்ணே, பெட்டி பற்றிச் சொன்னது சரி. அதற்காக ஹெட்டை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது. 1969-இல் எஸ்விடி வந்தபோது 300 வாட் டியூப் ஆம்ப் என்பதே யாரும் நினைத்துப் பார்க்காத அளவு. அந்த ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் அதன் முன்மாதிரிகளை மேடையில் ஏற்றினார்கள். ஆறு பவர் டியூப். தொடக்கத்தில் 6146 என்ற வகை, பிறகு 6550.

அந்த ஆறும் எல்லையைத் தொடும்போது அலையின் உச்சி வெட்டுப்படாமல் மெல்ல மழுங்கும். ஓங்கி அடித்த சுரம் கொஞ்சம் அமுங்கும், மெதுவாக அடித்தது மேலே வரும். அதனால்தான் வாட் ஒன்றாக இருந்தும் டியூப் பெரிதாகக் கேட்கிறது. டிரான்சிஸ்டர் ஆம்ப் 300-ஐத் தாண்டியதும் கரகரக்கும், நாமே வால்யூமைக் குறைத்துவிடுவோம். எஸ்விடியை 300-க்கு மேலேயும் தள்ளலாம், காது அதை இனிமை என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

டிரான்சிஸ்டர்தாசன்:
மறுக்கவில்லை தம்பி. ஆனால் அந்த இடத்துக்குப் போக எவ்வளவு சத்தம் வைக்க வேண்டும் தெரியுமா? ஸ்டூடியோ அறைக்குள் அவ்வளவு திறந்திருந்தால் நாலுகம்பி இன்று நம்மோடு பேசிக்கொண்டிருக்க மாட்டார். பாதி வால்யூமில் பவர் டியூப் மழுங்கவே மழுங்காது. அங்கே வித்தியாசம் காட்டுவது ப்ரீஆம்பும் (பவர் டியூபுக்கு முந்தைய பகுதி) டோன் சர்க்யூட்டும்.

அப்புறம் 800ஆர்பியை யாரும் ஏழைப் பங்காளி என்று நினைக்க வேண்டாம். அதைச் செய்த ராபர்ட் கேலியனின் ஆம்பைத்தான் 1969 உட்ஸ்டாக்கில் சன்டானா வாசித்தார். 800ஆர்பியில் கீழ் அலைவரிசைக்கு 300, மேல் அலைவரிசைக்குத் தனியே 100 வாட் என்று பிரித்து இரண்டு பெட்டிக்கு அனுப்பலாம். ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியைத் தட்டுவது) வாசித்துப் பாருங்கள்: கட்டைவிரல் பட்ட நொடியில் சுரம் வந்து, விட்ட நொடியில் நிற்கும். டிரான்சிஸ்டர் ஆம்ப் கூம்பை இறுக்கிப் பிடிக்கும், டியூப் ஆம்பின் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் அந்த அளவு பிடிக்காது. எஸ்விடியின் அந்தத் 'தடிப்பு' கொஞ்சம் இந்தத் தளர்ச்சியால் வருவதுதான்.

மேடைக்காரன்:
குணத்தைப் பற்றி நீங்கள் பேசுங்கள், முதுகைப் பற்றி நான் பேசுகிறேன். எஸ்விடி ஹெட் மட்டும் 36 கிலோ, பெட்டி 60-ஐத் தாண்டும். மாடியில் கச்சேரி என்றால் யார் தூக்குவது? 800ஆர்பியை ஒரு கையில் எடுத்துப் போகலாம். இதில் எஸ்விடிக்கு டியூப் மாற்றினால் பயஸ் (டியூபின் ஓய்வு நிலை மின்னோட்ட அமைப்பு) வேறு சரிபார்க்க வேண்டும். கடைசியில் மிக்சர்காரர் டிஐ வழியே, அதாவது மைக் இல்லாமல் நேரடியாக, சிக்னலை எடுத்துப் பிஏவில் (அரங்க ஸ்பீக்கரில்) விடுகிறார். கூட்டம் கேட்பது பெட்டியையே இல்லை.

நாலுகம்பி:
மேடைக்காரரே, நான் பேசுவது ஒலியை. தாசன் அண்ணனுக்கு: மீட்டர் பார்த்து இரண்டு பதிவையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கேட்டேன். சத்தம் அதிகம் என்பதால் பிடித்தது என்ற வாதம் இங்கே நிற்காது.

டிரான்சிஸ்டர்தாசன்:
அளவைச் சமப்படுத்தியது நல்ல வேலை, இங்கே பலர் அதைச் செய்வதில்லை. ஒரு டெசிபெல் கூடினாலே காது 'இதுதான் நல்லது' என்று சொல்லிவிடும். ஆனால் பதிவை நீங்கள் சமப்படுத்தினீர்கள், அறையில் ஆம்ப் பட்ட பாட்டைச் சமப்படுத்தவில்லை. அந்த நாலு பத்து பெட்டியின் மின்தடை எத்தனை ஓம்?

நாலுகம்பி:
8 ஓம்.

டிரான்சிஸ்டர்தாசன்:
800ஆர்பியின் 300 வாட் 4 ஓமில்தான். 8 ஓமில் அதற்கு அவ்வளவு வராது. இப்போதைய 810 பெட்டி 4 ஓம், எஸ்விடியிலும் அதற்கென்றே 4 ஓம் அமைப்பு இருக்கிறது. ஒருவருக்கு முழுச் சாப்பாடு, இன்னொருவருக்கு அரை வயிறு.

வால்வுமணி:
அப்படியானால் சோதனை எளிது. 810 பெட்டி ஒன்றே போதும், இரண்டு ஹெட்டையும் மாறிமாறி அதில் மாட்டுங்கள். மாட்டும் முன் எஸ்விடியை ஸ்டாண்ட்பையில் போடுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் டிரான்ஸ்பார்மர் போய்விடும். மைக்கை நகர்த்த வேண்டாம். 800ஆர்பியில் காண்டூர் பட்டனை அமுக்காமல் வெளியே விடுங்கள், அது மிட்டைத் தின்றுவிடும். பிறகு வாசித்தவர் உட்பட எல்லோரும் எது எந்த ஹெட் என்று பெயர் பார்க்காமல் பதிவைக் கேட்க வேண்டும். எஸ்விடிதான் ஜெயிக்கும் என்று இப்போதே எழுதி வைக்கிறேன்.

டிரான்சிஸ்டர்தாசன்:
ஸ்லாப் ஒரு வரி, விரலில் ஒரு வரி, பிக்கில் ஒரு வரி. மூன்றிலும் எஸ்விடி என்றால் ஒத்துக்கொள்கிறேன். எனக்கு இரண்டுக்கு ஒன்று என்றுதான் தோன்றுகிறது, ஸ்லாப் என் பக்கம்.

மேடைக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் வருகிறேன். பெட்டியை நான் தூக்க மாட்டேன்.